பெயர் மறைத்த அறையைக் குறைந்த விலைக்குப் பிடிப்பது எப்படி

இன்று இரவு விற்காமல் போன ஹோட்டல் அறையை நாளைக்கு எடுத்து விற்க முடியாது. அந்த இரவு போனது போனதுதான். சும்மா கிடக்கும் அறையைப் பாதி விலைக்குக் கொடுத்தாலும் ஹோட்டலுக்கு லாபம்தான். ஆனால் அந்தப் பாதி விலையை எல்லோரும் பார்க்கும்படி எழுதி வைக்க எந்த மேனேஜரும் துணிய மாட்டார். முழு விலை கொடுத்து முன்பே புக் செய்தவர் பார்த்தால் சண்டைக்கு வருவார். அடுத்த முறை வருகிறவர் அதே விலையைக் கேட்டு நிற்பார். விலையைக் குறைக்கவும் வேண்டும், குறைத்தது வெளியே தெரியவும் கூடாது. தள்ளுபடித் தளங்களுக்கும் ஏலத் தளங்களுக்கும் இந்த இக்கட்டுதான் பிழைப்பு.

ஆகவே எந்தத் தளத்தைத் திறந்தாலும் நான் முதலில் பார்ப்பது, விலை குறைவதற்கு ஈடாக என்னிடமிருந்து எதை எடுத்துக்கொள்கிறார்கள் என்பதைத்தான். ஹோட்டலின் பெயரைத் தெரிந்துகொள்ளும் வசதியாக இருக்கலாம், கேன்சல் செய்யும் உரிமையாக இருக்கலாம், ஒரு கட்டிலா இரண்டு கட்டிலா என்று கேட்கும் வாய்ப்பாக இருக்கலாம். அது எனக்குத் தேவைப்படாத ஒன்று என்றால் விலை உண்மையிலேயே மலிவு. தேவைப்படும் என்றால் எத்தனை சதவீதம் தள்ளுபடி போட்டிருந்தாலும் எனக்கு அது வேண்டாம்.

பயிற்சி வகுப்புகள் எடுக்க ஊர் ஊராகப் போவது என் வேலை. தங்கும் செலவு என் கைக்காசு. அதோடு வீட்டில் யார் பயணம் கிளம்பினாலும் "நீயே பார்த்துப் போட்டுடு" என்று அறை பிடிக்கும் பொறுப்பு என்னிடம் வந்துவிடும். எனக்கு ஒரு மாதிரி, வயதான அம்மாவுக்கு ஒரு மாதிரி, கைக்குழந்தையோடு போகும் அக்கா மகளுக்கு ஒரு மாதிரி என்று தேடித் தேடி ஒரு முறை படிந்திருக்கிறது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் உண்மையான விலை

தள்ளுபடியைத் தேடும் முன் தள்ளுபடி இல்லாத விலை தெரிய வேண்டும். அடித்துவிட்டு அதன் பக்கத்தில் சிவப்பில் புது விலை போட்டிருப்பார்களே, அந்த அடிக்கப்பட்ட விலையை நம்பாதீர்கள். அது வேறொரு தேதியின் விலையாகவும் இருக்கலாம், அந்த ஹோட்டலின் உச்ச விலையாகவும் இருக்கலாம். உங்கள் தேதிக்கு, உங்கள் பகுதியில், உங்களுக்குப் பிடித்த மூன்று நான்கு ஹோட்டல்கள் இன்று என்ன விலைக்கு விற்கின்றன என்று நீங்களே குறித்துக்கொள்ளுங்கள். நான் ஒரு நோட்டில் கோடு போட்டு இரண்டு விலைகளை எழுதுவேன்: கேன்சல் செய்யக்கூடிய விலை ஒன்று, முன்பணம் கட்டிவிட்டால் திரும்பாத விலை ஒன்று.

இந்த இரண்டாவது விலை மிக முக்கியம். பெயர் மறைத்த அறை, அதாவது பணம் கட்டிய பிறகுதான் எந்த ஹோட்டல் என்று சொல்லும் அறை, 68 என்று வருகிறது, அதே தரத்தில் கேன்சல் செய்யக்கூடிய அறை 100 என்று வைத்துக்கொள்வோம். 32 மிச்சம் என்று தோன்றும். ஆனால் மறைத்த அறையைக் கேன்சல் செய்ய முடியாது. அப்படியானால் அதை, பெயர் தெரிந்த, கேன்சல் செய்ய முடியாத அறையோடுதானே ஒப்பிட வேண்டும்? அது 85-க்குக் கிடைக்கிறது என்றால் பெயரை மறைத்ததற்கு உங்களுக்குக் கிடைக்கும் கூலி 17 மட்டும்தான். என் கணக்கு, இந்த வித்தியாசம் ஐந்தில் ஒரு பங்காவது இருந்தால்தான் மறைத்த அறைக்குப் போவது. அதற்குக் குறைவென்றால் பெயர் தெரிந்த அறையிலேயே நிம்மதியாகத் தூங்கலாம்.

விலை ஒப்பிட கயாக், டிரிவாகோ, கூகுளின் ஹோட்டல் பக்கம் எல்லாம் நல்ல கருவிகள். ஆனால் மேலே பெரிதாகக் காட்டுவதே குறைந்த விலை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆஸ்திரேலியாவில் டிரிவாகோ மீது இதே விஷயத்துக்காக வழக்கு நடந்தது. தனக்கு அதிகக் கட்டணம் தரும் விளம்பரதாரரின் விலையை முன்னால் காட்டிவிட்டு, அதுவே மலிவு என்பதுபோல் நம்பவைத்தது என்று நீதிமன்றம் கண்டது. 2022-ல் 4.47 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. எனவே "மற்ற விலைகள்" என்று சின்ன எழுத்தில் இருப்பதைத் தட்டிப் பாருங்கள். விலை வரிசையில் அடுக்கச் சொல்லிப் பாருங்கள்.

அப்புறம் ஹோட்டலின் சொந்தத் தளம். ஒரே பெயரில் பல ஊர்களில் நடக்கும் சங்கிலி ஹோட்டல்களில் இலவசமாக உறுப்பினராகச் சேர்ந்தாலே விலை கொஞ்சம் இறங்கும். மாரியட் போன்றவற்றில் ஓர் உத்தரவாதமும் உண்டு: அவர்கள் தளத்தில் புக் செய்து 24 மணி நேரத்துக்குள் அதே அறை, அதே தேதி, அதே நிபந்தனையோடு வேறு தளத்தில் குறைந்த விலையைக் காட்டினால், அந்த விலைக்கு இறக்கி அதன் மேல் 25 சதவீதம் தள்ளுபடியோ 5,000 புள்ளிகளோ தருவார்கள். காட்டுகிற விலை எல்லோர் கண்ணிலும் படுகிற விலையாக இருக்க வேண்டும். பெயர் மறைத்த விலை செல்லாது. விண்ணப்பம் நிரப்பப் பொறுமை வேண்டும், ஆனால் பல இரவுகள் தங்கும்போது அந்தப் பொறுமைக்கு நல்ல பலன் உண்டு.

தனி ஹோட்டல் என்றால் போன் செய்துவிடுவேன். முன்பதிவுத் தளத்துக்கு ஹோட்டல் கமிஷன் தருகிறது, சாதாரணமாக 15 சதவீதமும் அதற்கு மேலும். அது மிச்சமாகும்போது விலையை இறக்காவிட்டாலும் காலை உணவைச் சேர்ப்பார்கள், அல்லது மாலை வரை அறையைக் காலி செய்யாமல் இருக்க விடுவார்கள். முன்பதிவுத் தளத்தில் காட்டும் விலையைவிடத் தன் சொந்தத் தளத்தில் குறைக்கக் கூடாது என்று ஒப்பந்தத்தில் முன்பு ஹோட்டல்களைக் கட்டிவைத்திருந்தார்கள். ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியில் 2024-ல் புக்கிங்.காம் அந்த நிபந்தனையைக் கைவிட்டது. கேட்பதில் இன்னும் தயங்குவானேன்?

ஏலமும் மறைப்பும்

இந்த விளையாட்டைப் பெரிதாக்கியது பிரைஸ்லைன். ஜே வாக்கர் தொடங்கிய அந்தத் தளம் 1998-ல் திறந்தது. விலையை நீங்களே சொல்லுங்கள் என்பதுதான் அதன் அழைப்பு. பகுதியையும் நட்சத்திரத்தையும் மட்டும் தேர்ந்தெடுத்து, இவ்வளவு தருகிறேன் என்று கார்டு எண்ணோடு சொல்ல வேண்டும். ஏதாவது ஒரு ஹோட்டல் ஒப்புக்கொண்டால் பணம் உடனே போய்விடும், அதற்குப் பிறகுதான் பெயர் தெரியும். மறுத்துவிட்டால் அதே கோரிக்கையை உடனே திரும்ப அனுப்ப முடியாது. பகுதியையோ நட்சத்திரத்தையோ தேதியையோ மாற்ற வேண்டும். கெட்டிக்காரர்கள் இதில் ஒரு வழி கண்டார்கள். தாங்கள் கேட்கும் நட்சத்திரத்தில் ஹோட்டலே இல்லாத பகுதியாகப் பார்த்துச் சேர்த்துக்கொள்வார்கள். கோரிக்கை மாறியதுபோல் ஆகும், ஆனால் வேண்டாத பகுதியில் அறை விழாது. அப்படிச் சேர்த்துச் சேர்த்து விலையைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிப் பார்ப்பார்கள்.

அந்த ஏலமுறை படிப்படியாக ஓரங்கட்டப்பட்டது. விமான டிக்கெட்டுக்கு 2016-ல் நிறுத்தினார்கள். பெயரை மறைக்கும் பாதி மட்டும் தங்கிவிட்டது. பிரைஸ்லைனின் எக்ஸ்பிரஸ் டீல்ஸ், ஹாட்வயரின் ஹாட் ரேட், லாஸ்ட்மினிட்.காமின் டாப் சீக்ரெட் ஹோட்டல்கள் எல்லாம் ஒரே குடும்பம்தான். விலையை அவர்கள் சொல்கிறார்கள், பெயரை மட்டும் சொல்வதில்லை. இன்னொரு வகையில் மூன்று ஹோட்டல்களின் பெயரைக் காட்டி, இவற்றில் ஒன்று உங்களுக்கு என்பார்கள். மூன்றுமே பிடித்திருந்தால் இதைவிடப் பாதுகாப்பான பேரம் கிடையாது. புதிதாக இறங்குகிறவர்கள் இதில் தொடங்குங்கள் என்பேன்.

மறைந்திருப்பது எந்த ஹோட்டல்?

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. பெயரை மறைத்தாலும் எல்லாவற்றையும் மறைக்க முடியாது; மறைத்தால் யாரும் வாங்க மாட்டார்கள். நட்சத்திரம், பகுதி, விருந்தினர் மதிப்பெண், வசதிகளின் பட்டியல், தள்ளுபடிச் சதவீதம் இவற்றில் பலவும் வெளியேதான் இருக்கும். அதே தளத்தில் இன்னொரு சாளரத்தைத் திறந்து, அதே தேதி, அதே பகுதி, அதே நட்சத்திரம் என்று வடிகட்டுங்கள். பெரும்பாலும் ஏழெட்டு ஹோட்டல்களுக்குள் வந்துவிடும். அதே தளம் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. நட்சத்திரத்தை ஒவ்வொரு தளமும் தன் கணக்கில் போடுகிறது. ஒரு தளத்தில் நான்கு என்று இருப்பது இன்னொன்றில் மூன்றரையாக இருக்கும்.

இனி வசதிகள். வைஃபை, குளிர்சாதனம் எல்லா இடத்திலும் இருப்பவை, அவற்றால் ஒன்றும் தெரியாது. அபூர்வமானதைப் பிடியுங்கள்: நீச்சல் குளம், இலவச பார்க்கிங், விமான நிலையத்துக்கு வண்டி, அறைக்குள் சின்னச் சமையலறை, நாய் பூனைக்கு அனுமதி. இரண்டு அபூர்வ வசதிகள் சேர்ந்து வந்தாலே பட்டியல் இரண்டு மூன்றாகச் சுருங்கிவிடும். மதிப்பெண்ணைப் பொருத்திப் பாருங்கள். கடைசியாக விலைக் கணக்கு. மறைத்த அறை 55 என்றும் 45 சதவீதம் தள்ளுபடி என்றும் போட்டிருந்தால், அந்தத் தளத்தின் கணக்கில் முழு விலை 100. மிஞ்சிய ஹோட்டல்களில் உங்கள் தேதிக்கு 100-ஐ ஒட்டி விற்பது எது என்று பார்த்தால் ஆள் அகப்பட்டுவிடுவார். முன்பு வாங்கியவர்கள் என்ன கிடைத்தது என்று எழுதிவைக்கும் பெட்டர்பிட்டிங் போன்ற இடங்களும் உண்டு. ஊகம் சரியா என்று பார்க்க உதவும்.

ஊகம் எவ்வளவு உறுதியாகத் தெரிந்தாலும் அதை நம்பி வாங்காதீர்கள். எனக்கு நானே வைத்துக்கொண்ட விதி இது: மிஞ்சிய பட்டியலில் எனக்கு மிகவும் பிடிக்காத ஹோட்டல் எது என்று பார்ப்பேன். அதுவே கிடைத்தால் இந்த விலைக்குச் சம்மதமா? சம்மதம் என்றால் வாங்குவேன். இல்லையென்றால் சாளரத்தை மூடிவிடுவேன். நல்லது கிடைக்கும் என்ற ஆசையில் வாங்கிவிட்டு, வேறொன்று வந்ததும் மனம் நொந்துபோனவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

பகுதியின் எல்லையை வரைபடத்தில் நான்கு மூலைக்கும் போய்ப் பாருங்கள். "விமான நிலையம் அருகே" என்று பெயரிட்ட வட்டம் சில ஊர்களில் நடந்து கடக்கவே முடியாத அகலத்துக்கு விரிந்திருக்கும். கடைக்கோடி மூலையிலிருந்து உங்கள் வேலை நடக்கும் இடத்துக்கு இரவில் வண்டி கிடைக்குமா, கிடைத்தால் எவ்வளவு ஆகும்? அந்தச் செலவையும் அறை வாடகையில் கூட்டிப் பாருங்கள்.

யாருக்கு இது ஒத்துவராது

அம்மாவுக்கு முட்டி வலி. லிஃப்ட் இருக்கிறதா, குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி இருக்கிறதா என்று கேட்டுத்தான் அறை போட வேண்டும். அவருக்கு மறைத்த அறை எடுத்ததே இல்லை. எடுக்கவும் மாட்டேன். எத்தனை மிச்சமானாலும் சரி. இதில் என்னிடம் இரண்டாவது கருத்தே இல்லை.

பெயர் மறைத்த அறை என்றால் இரண்டு பெரியவர்கள் தங்கலாம் என்பது மட்டுமே பொதுவான உத்தரவாதம். ஒரே கட்டில் வரலாம். கூட வேலை செய்பவரோடு அறையைப் பகிர்ந்துகொள்வதாக இருந்தால் இதை முன்பே யோசியுங்கள். குழந்தையோ மூன்றாவது ஆளோ இருந்தால் ஹோட்டலில் தனிக் கட்டணம் கேட்கலாம். ஹோட்டல் சங்கிலியின் புள்ளிகள் பெரும்பாலும் சேராது. பயணத் தேதி மாறக்கூடும் என்று லேசாகச் சந்தேகம் இருந்தாலும் இந்தப் பக்கம் வராதீர்கள். தனியாகப் போகிறவர், ஓரிரு இரவு, தேதி உறுதி, அறை சுத்தமாக இருந்தால் போதும், இப்படிப்பட்ட பயணத்துக்குத்தான் இது பொருந்தும். என் வேலைப் பயணங்கள் பாதி அப்படித்தான்.

கடைசிப் பக்கம் வரை போய்ப் பாருங்கள்

முதல் பக்கத்தில் காட்டும் விலைக்கும் பணம் கட்டும் பக்கத்தில் வரும் விலைக்கும் நடுவில் வரி, சேவைக் கட்டணம், ரிசார்ட் கட்டணம், சுத்தம் செய்யும் கட்டணம் எல்லாம் ஏறிக்கொள்ளும். அமெரிக்காவில் 2025 மே 12 முதல், கட்டாயக் கட்டணங்களைச் சேர்த்த மொத்த விலையையே முதலில் காட்ட வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்துவிட்டது. எல்லா நாட்டிலும் அப்படி இல்லை. கார்டு எண்ணைக் கேட்கும் பக்கம் வரை போய், மொத்தத்தை நோட்டில் எழுதிய மொத்தத்தோடு ஒப்பிடுங்கள். ஊர் வரி என்று சிலவற்றை ஹோட்டலிலேயே தனியாக வாங்குவார்கள், அதைச் சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள். வெளிநாட்டு ஹோட்டலில் கார்டு தேய்க்கும்போது உங்கள் நாட்டு நாணயத்தில் கட்டலாமே என்று இயந்திரம் கேட்டால் வேண்டாம் என்று சொல்லி, அந்த ஊர் நாணயத்தையே தேர்ந்தெடுங்கள். மாற்று விகிதத்தில் அவர்கள் வைக்கும் லாபம் நீங்கள் தேடிப் பிடித்த தள்ளுபடியைத் தின்றுவிடும்.

"ஒரே ஒரு அறைதான் பாக்கி", "இப்போது பன்னிரண்டு பேர் பார்க்கிறார்கள்" என்று மின்னுவதைக் கண்டு பதற வேண்டாம். அந்தத் தளத்துக்கு ஒதுக்கிய அறைகளில் ஒன்று பாக்கி என்பதாகவும் இருக்கும். பிரிட்டனின் போட்டி ஆணையம் இப்படி நெருக்கடி கொடுத்து விற்பதை விசாரித்தது. 2019-ல் எக்ஸ்பீடியா, புக்கிங்.காம், அகோடா, ஹோட்டல்ஸ்.காம், ஈபுக்கர்ஸ், டிரிவாகோ ஆகிய ஆறு தளங்களும் அதை மாற்றிக்கொள்வதாக ஒப்புக்கொண்டன. மின்னுவதைப் பார்த்து வாங்காதீர்கள். நோட்டைப் பார்த்து வாங்குங்கள்.

எப்போது பார்ப்பது

நான் செய்வது இப்படி. பயணம் உறுதியானதும், கேன்சல் செய்யக்கூடிய அறை ஒன்றை நல்ல விலைக்குப் போட்டுவிடுவேன். இனி அறை இல்லாமல் நிற்க வேண்டியதில்லை. அதன் பிறகு வாரம் ஒரு முறை அதே ஹோட்டலின் விலையைப் பார்ப்பேன். இறங்கியிருந்தால் புதிதாகப் போட்டு, அது உறுதியான பிறகு பழையதைக் கேன்சல் செய்வேன். இந்த வரிசையை மாற்றவே கூடாது.

இலவசமாகக் கேன்சல் செய்யும் கெடு பல ஹோட்டல்களில் தங்கும் நாளுக்கு ஒன்று முதல் மூன்று நாள் முன்பு முடிகிறது. அந்தக் கெடுவை ஒட்டி, வேண்டாம் என்று நினைத்தவர்கள் மொத்தமாக அறைகளை விடுவார்கள். மறைத்த விலைகளைப் பார்க்க நல்ல நேரம் அதுதான். நம் கையில் இருக்கும் அறையின் கெடு முடிவதற்குச் சில மணி நேரம் முன்பு உட்கார்ந்து பாருங்கள். நல்லது விழுந்தால் மாறலாம், விழாவிட்டால் இருப்பதிலேயே தங்கலாம். அலுவலகங்கள் நிறைந்த பகுதிகளில் வார இறுதி மலிவு, குறிப்பாக ஞாயிறு இரவு. சுற்றுலா இடங்களில் அது தலைகீழ். அன்றைக்கே அறை வேண்டும் என்றால் ஹோட்டல்டுநைட் இருக்கிறது, 2019-ல் ஏர்பிஎன்பி வாங்கிய செயலி. ஊரில் பெரிய மாநாடோ போட்டியோ நடக்கும் வாரத்தில் மட்டும் கடைசி நிமிடத்தை நம்பக் கூடாது. அப்போது காலி அறை இருக்காது, விலை இறங்கவும் செய்யாது.

உண்மையான ஏலத்தில் கை தூக்கும்போது

இன்னும் ஏலம் நடத்தும் இடங்கள் இருக்கின்றன. பெரும்பாலும் தங்கும் வவுச்சர்கள், தொண்டு நிறுவனங்களுக்கு நிதி திரட்டும் ஏலங்களில் வருபவை. இங்கே விலையைவிட நிபந்தனைதான் முக்கியம். எந்தத் தேதிகளில் செல்லாது, எப்போது காலாவதியாகும், வரி யார் கட்டுவது, ஏல நிறுவனத்துக்கு வாங்குபவர் தரும் கட்டணம் எவ்வளவு, வேறொருவருக்குத் தரலாமா என்று எல்லாவற்றையும் படித்துவிட்டு, அந்த ஹோட்டலுக்கே போன் செய்து நீங்கள் நினைக்கும் வாரத்தில் இந்த வவுச்சரை ஏற்பார்களா என்று கேளுங்கள். பிறகு எல்லாம் சேர்த்து உங்கள் உச்ச வரம்பை ஒரு காகிதத்தில் எழுதிவிட்டுத்தான் ஏலத்துக்குள் போக வேண்டும். கடைசி ஐந்து நிமிடத்தில் அந்த எண்ணை மாற்றத் தோன்றும். மாற்றாதீர்கள்.

சில ஹோட்டல்கள், புக் செய்த பிறகு, பெரிய அறைக்கு மாற எவ்வளவு தருவீர்கள் என்று மின்னஞ்சலில் கேட்கும். அதுவும் ஏலம்தான். ஒரு இரவுக்கான விலையா, மொத்தத் தங்கலுக்கா என்று பார்த்துவிட்டு, குறைந்தபட்சத்தை ஒட்டியே போடுவேன். கிடைத்தால் சந்தோஷம்.

பணம் கட்டிய பிறகு

பெயர் தெரிந்த உடனே ஹோட்டலுக்கு நேரடியாக ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். தளத்தின் புக்கிங் அவர்களிடம் வந்து சேர்ந்திருக்கிறதா, யார் பெயரில் இருக்கிறது என்று முதலில் கேளுங்கள். சில சமயம் ஒரு நாள் ஆகும். இரவு தாமதமாக வருவதாக இருந்தால் நேரத்தைச் சொல்லிவையுங்கள். அறை நிறைந்துவிட்ட நாளில், வராதவர் என்று நினைத்து உங்கள் அறையைக் கொடுத்துவிடாமல் இருக்க இது உதவும். இரண்டு கட்டில், கீழ்த்தளம், சாலைப் பக்கம் வேண்டாம் என்று எது வேண்டுமோ அதைத் தன்மையாகக் கேளுங்கள். உரிமை இல்லைதான், ஆனால் இருந்தால் பெரும்பாலும் தருகிறார்கள்.

அதோடு ஓர் எச்சரிக்கை. "உங்கள் புக்கிங்கை உறுதிசெய்ய மறுபடியும் கார்டு விவரம் தாருங்கள்" என்று இணைப்போடு செய்தி வந்தால் தொடாதீர்கள். ஹோட்டலின் கணக்கையே திருடி, அசல் புக்கிங் எண்ணோடு அனுப்பும் மோசடிகள் நடக்கின்றன. தேடுபொறியில் கிடைக்கும் "வாடிக்கையாளர் சேவை" எண்களிலும் இதே ஆபத்து உண்டு. தளத்துக்குள் நீங்களே நுழைந்து, உங்கள் புக்கிங் பக்கத்தில் இருக்கும் எண்ணில் மட்டும் பேசுங்கள். உறுதிச்சீட்டை போனில் படமாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ரிசப்ஷனில் இணையம் வேலை செய்யாத நேரத்தில் அதைக் காட்டித்தான் சாவி வாங்க வேண்டியிருக்கும்.